வெள்ளை முக்காடு

படம் முடிந்து விளக்குகள் எரிந்த பிறகும் கனிஷாய்க்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. சிரிப்பதற்கென்றுதான் வந்திருந்தார்கள். அவள் கணவன் ஷர்ஷெனின் வேனில் தெருப் பெண்கள் எல்லோரும் ஏறிக்கொண்டு, பனிச்சாலையில் ஊர்ந்து, நகரத்துத் தியேட்டருக்கு. வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்று ஊரே சொன்ன படம். பாதி வரைக்கும் அப்படித்தான் இருந்தது. நாயகன் தோழர்களோடு போய் ஒரு பெண்ணைக் காருக்குள் தூக்கிப் போட்டபோதுகூட எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு பாட்டு நின்றுவிட்டது. பின் சீட்டில் கிடந்த அந்தப் பெண்ணின் முகத்தை விட்டுப் படம் நகரவே இல்லை. கண்ணாடிக்கு வெளியே குதிரைகள், மின்கம்பங்கள், வெண்மையான மலைகள் என்று ஒவ்வொன்றாய் மிதந்து போயின. தூக்கத்தில் காண்பது போலிருந்தது. கார் ஒரு வீட்டு வாசலில் நின்றது. அழுகிற பெண்ணின் தலையில் வெள்ளை முக்காட்டைப் போட மாப்பிள்ளையின் தாய் இரண்டு கைகளையும் நீட்டினாள். அது தலையில் விழுந்துவிட்டால் அவள் அந்த வீட்டு மருமகள்.

கனிஷாய் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று காலை அவளும் ஒரு வெள்ளை முக்காட்டுக்கு இஸ்திரி போட்டு வைத்துவிட்டு வந்திருந்தாள்.

அவள் மகன் எர்மெக் அன்று மாலை ஊர் வழக்கப்படி பெண் தூக்கிக்கொண்டுவரப் போகிறான். மருந்துக்கடையில் நிற்கும் ஜில்டிஸ். இரண்டு தடவை தலைவலி மாத்திரை வாங்கியதோடு சரி, வேறு பழக்கம் கிடையாது. "என்னைப் பார்த்துச் சிரிச்சாம்மா" என்றான். கடைக்கு வருகிறவனைப் பார்த்துச் சிரிக்காமல் அழவா செய்வாள் என்று கனிஷாய்க்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கடை மூடும் நேரத்துக்கு வேனைக் கொண்டுபோய் நிறுத்துவதாக அப்பனும் ஒப்புக்கொண்டிருந்தான். கனிஷாய் மூலையில் மணப்பெண்ணை உட்காரவைக்கத் திரை கட்டினாள், மாவு பிசைந்து விருந்துக்குப் போர்சோக் ரொட்டி பொரித்தாள், தன் மாமியார் தன் தலையில் போட்ட அதே முக்காட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். சந்தோஷமாகவே செய்தாள். மத்தியானம் வரை ஒன்றும் உறுத்தவில்லை என்பதுதான் இப்போது அவளுக்குப் பயமாக இருந்தது.

வேன் ஏரிக்கரைச் சாலையில் திரும்பியது. ஏரியின் மேல் வெளிச்சம் நீலமாகக் கரைந்துகொண்டிருந்தது. வாய்க்குப் பூட்டில்லாத பக்கத்து வீட்டு ராய்கான்தான் பேச்சை ஆரம்பித்தாள். காசு கொடுத்துச் சிரிக்கக் கூப்பிட்டுவிட்டு அழவைத்து அனுப்புகிறார்களே, இது என்ன நியாயம் என்றாள். பின்னாலிருந்து ஒருத்தி, நம்மையெல்லாம் தூக்கிக்கொண்டுதானே வந்தார்கள், நாம் வாழவில்லையா என்றாள். வாழ்ந்தோம், வாழ்ந்தோம் என்று இழுத்த ராய்கான், ஆற்றுக்கு அந்தப்பக்கம் தனக்காக ஒருவன் காத்திருந்த கதையைச் சொன்னாள். இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும் கனிஷாய் கேட்டிராத கதை. சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, ஓட்டுகிறவனைச் சீண்டினாள்.

"நீங்க எப்படி, ஷர்ஷென் அண்ணே? எங்க கனிஷாய் அழுதாளா?"

"அழாம? எல்லாப் பொண்ணுங்களும் அழும். அழலைன்னாத்தான் ஊர் தப்பாப் பேசும்."

யாரோ சிரித்தார்கள். சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கனிஷாய் சொன்னாள்.

"நீங்க வழக்கத்துக்கு அழறேன்னு நினைச்சீங்க, எர்மெக் அப்பா. நான் நெஜமாத்தான் அழுதேன்."

ஷர்ஷென் திரும்பவில்லை. கண்ணாடியில் அவன் கண்கள் மட்டும் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாலைக்குப் போயின. நல்ல மனிதன். அடித்ததில்லை, குடித்ததில்லை. ஆனால் கேட்டதும் இல்லை. தன்னைத் தூக்கிக்கொண்டுவந்த அன்று அவள் ஓடிப்போக எழுந்தாள். மாமியார் வாசலை அடைத்துக் குறுக்கே படுத்துக்கொண்டாள். வயதில் மூத்தவளைத் தாண்டிப் போனால் வம்சத்துக்கே சாபம். தூக்கிய காலைக் கனிஷாய் திரும்ப உள்ளேயே வைத்தாள். இருபத்தைந்து வருஷமாக அந்தக் கால் உள்ளேதான் இருக்கிறது.

பெண்களை ஒவ்வொருத்தியாக இறக்கிவிட்டு வேன் வீட்டுக்கு வந்தபோது எர்மெக்கின் தோழர்கள் வாசலில் தயாராக நின்றார்கள். அவர்கள் ஏறியதும் புகையும் கேலியுமாக வேன் நிறைந்தது. ஷர்ஷென் இன்ஜினை நிறுத்தாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். எர்மெக் பனி ஒட்டிய பூட்ஸோடு முன்னறைக்குள் கனிஷாயின் பின்னாலேயே வந்தான். புதுக் கோட்டு போட்டிருந்தான். அவனைப் பார்க்க அழகாக இருந்ததில் அவளுக்கு அழுகை முட்டியது.

"முக்காட்டை எடுத்து வச்சிட்டியாம்மா?"

"வச்சிருக்கேன்."

மடிப்புக் கலையாத முக்காட்டை எடுத்து வந்தாள். அவனைக் கடந்து வாசலுக்குப் போனாள். முக்காட்டைத் தலைக்கு வைத்துக்கொண்டு, நிலைப்படியை அடைத்துக் குறுக்கே படுத்தாள். முதுகில் குளிர் ஏறியது.

எர்மெக் முதலில் சிரித்தான். "எழுந்திரும்மா. பசங்க பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும்."

"அவ கடையை மூடிருவா."

"மூடிட்டு அவங்க வீட்டுக்குப் போகட்டும். நீ போறதுன்னா என்னைத் தாண்டிப் போ."

வேனுக்குள் பேச்சு அடங்கியது. அவன் அவளைப் பார்த்தான், வெளியே அப்பனைப் பார்த்தான், பிறகு வலது காலைத் தூக்கினான். பூட்ஸின் அடியில் ஒட்டியிருந்த பனி உருகி, ஒரு சொட்டு அவள் கன்னத்தில் விழுந்தது. அவள் கண்ணை மூடவில்லை.

வெளியே இன்ஜின் நின்றது.

திடீரென்று வந்த அந்த அமைதியில் ஏரிக்காற்று மட்டும் கேட்டது. அவள் முகத்துக்கு மேலே அவன் கால் இன்னும் அப்படியே நின்றது.