துரட்டியில் கட்டிய மைக்

கேமராமேனை ஏப்ரலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மே மாதம் கார் போனது. ஜூனில் தொலைக்காட்சி நிருபர் ஜீவிதாவிடம் மிச்சமிருந்தவை ஒரு செல்போன், ஒரு ஸ்டாண்டு, துரட்டிக் கம்பின் நுனியில் கட்டிய வயரில்லாத மைக். பேட்டி கொடுப்பவர் கம்புக்கு அந்தக் கோடியில், அவள் இந்தக் கோடியில். கொரோனா நடுவில் எங்கேயாவது நின்றுகொள்ளும்.

சென்னையில் செய்தி ஆசிரியர் உபைதுல்லா வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். காலையில் அவர் பேசியபோது பின்னால் குக்கர் விசிலடித்தது.

"ஜீவிதா, வாய்க்கால்ல தண்ணி வர்றத பதினோரு மணிக்கு லைவ்ல குடுங்க. தனியாளா முடியும்னு காட்டுங்க. இல்லேன்னா உங்க மாவட்டத்தையும் திருச்சி நிருபரே சேத்துப் பாக்கட்டும்னு மேல முடிவு பண்ணிடுவாங்க."

குத்தாலம் பக்கத்தில் வாய்க்கால் கரை முழுக்க ஆட்கள். முகத்தில் துண்டு, ஆளுக்கு ஆள் இடைவெளி. குறுவை சாகுபடிக்கு வேளையோடு தண்ணீர் வந்து பல வருஷம் ஆகியிருந்தது. கரையில் நின்ற செவ்வந்தி என்ற பெண், முதல் தண்ணீரில் போடப் பூவும் விதைநெல்லும் வைத்திருந்தாள்.

சரியாகப் பதினொன்றுக்கு, நுரையும் குப்பையுமாகத் தண்ணீர் வந்தது. லைவ் ஓடியது. ஜீவிதா கம்பை விவசாயி வீரையனிடம் நீட்டினாள்.

"அய்யா, எப்படி இருக்கு?"

வீரையன் மதகைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆகாயத்தாமரை வந்து வாயை அடைத்திருந்தது.

"அடச்சிடுச்சு! கம்பு குடுங்கப்பா!"

கம்பு மூக்குக்கு நேரே இருந்தது. பிடுங்கிக்கொண்டார்.

"அய்யோ, அது மைக்குங்க!"

"இரும்மா, தர்றேன்!"

மைக் தண்ணீருக்குள் முங்கியது. சென்னைக்குக் குபுகுபுவென்று ஒரு சத்தம் போனது. பிறகு ஒன்றுமில்லை. ஜீவிதாவின் காதில் உபைதுல்லா அலறினார். "ஆடியோ போச்சு! கட் பண்ணிடவா?"

அவள் செல்போன் மைக்குக்கு மாற்றினாள். அதற்கு ஆட்கள் பக்கத்தில் வர வேண்டும். வரக் கூடாது.

"எல்லாரும் அங்கேருந்தே கத்துங்க!"

சொல்ல வேண்டுமா? நாலு வயல் தள்ளி நிற்பவரோடு சண்டையும் சம்பந்தமும் பேசிய தொண்டைகள். வீரையன் ஆகாயத்தாமரையைத் தள்ளியபடியே, எத்தனை மா நிலத்தில் நாற்றங்கால் விடப்போகிறார் என்று முழங்கினார். அக்கரையிலிருந்து ஒருவர் அது பொய் என்றார். ஊர் சிரித்தது.

"சென்னைக்குக் கேக்குதா?" என்று செவ்வந்தி கத்தினாள்.

"கேக்குது, கேக்குது!" உபைதுல்லா லைனில் கத்தினார். அதுவும் சேர்ந்து ஒளிபரப்பானது.

மதகு திறந்துகொண்டது. தண்ணீர் வயல் பக்கம் பாய்ந்தது. இரண்டு நிமிஷம் ஒதுக்கிய லைவ் ஒன்பது நிமிஷம் போனது.

முடிந்ததும் உபைதுல்லா கூப்பிட்டார். "மாவட்டம் உங்ககிட்டயே இருக்கட்டும்னுட்டாங்க. ஆனா ஜீவிதா, என் காது போச்சு."

அவள் சிரித்தாள். செவ்வந்தி வாய்க்காலில் நின்று விதைநெல்லைத் தூவிக்கொண்டிருந்தாள்.

"லைவு முடிஞ்சுதுல்ல? செருப்பக் கழட்டிட்டு எறங்கும்மா!"

ஜீவிதா இறங்கினாள். தள்ளித்தான் நின்றாள். தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது, குப்பையோடு. அவள் இரண்டு கையாலும் அள்ளி மேலே வீசினாள்.