பெயர் தெரியாத ஆங்கிலத் தச்சர்

ஏணியின் ஐந்தாவது படியில் நின்றுகொண்டு இங்கிலாந்து நிபுணர் ஒரு மரக்கட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அவ்வளவு பதமாகத் தடவ மாட்டார்கள். கீழே ஏணியைப் பிடித்திருந்த தச்சர் ராக்கப்பன் அந்தக் கட்டையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்தில் முந்நூறு வருஷமாகக் கோதுமையும் வைக்கோலும் அடைத்துக் கிடந்த களஞ்சியம் அது. ஒட்டினாற்போல எட்டுக் குதிரைக்கு லாயம். துபாய் முதலாளி ஒருவர் அதை விலைக்கு வாங்கி, ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் போட்டுக் கழற்றி, கண்டெய்னரில் ஏற்றி, ஜெபல் அலி துறைமுகத்தில் இறக்கி, பாலைவனத்து ஓரமாக மறுபடி நிறுத்திவிட்டார். வைக்கோல் வண்டி நுழைந்த உயரக் கதவு வழியாக இனி மாப்பிள்ளை பெண் நுழைவார்கள். லாயம் காபிக் கடை. குதிரைகள் கடித்துக் குதறிய தடுப்புப் பலகைக்கு வார்னிஷ் அடித்து, நடுவில் மேசை போட்டாயிற்று. ஒரு குதிரை நின்ற அளவு இடத்தில் தொழிலாளர் காம்ப்பில் ஆறு பேர் படுக்கிறோம் என்று கூட்டாளித் தச்சன் நாகலிங்கம் டேப் பிடித்து அளந்தே காட்டினான். "போன ஜென்மத்துல வெள்ளக்காரன் குதிரையாப் பொறந்திருக்கணும் மச்சான்."

தூணையும் விட்டத்தையும் இணைக்கும் வளைந்த கட்டை ஒன்று, வந்து இறங்கும்போதே இரண்டாகப் பிளந்திருந்தது. எல்லாம் பழைய மரம்தான் என்று நிபுணர் கையெழுத்துப் போட்டால்தான் கல்யாண மண்டபத்துக்கு மவுசு. ஆகவே இன்ஜினியர் விமல் விஷயத்தை அமுக்கிவிட்டார். கண்டெய்னருக்குள் சாமான் ஆடாமலிருக்க முட்டுக்கொடுத்து வந்த கட்டையில் நாகலிங்கம் மூன்று நாளில் இன்னொன்று செதுக்கினான். கடுந்தேயிலைத் தண்ணீர் பூசினான். அது காய்ந்ததும் துருப்பிடித்த ஆணி ஊறிய வினிகர். முந்நூறு வருஷம் ஒரே மத்தியானத்தில் ஏறிவிட்டது. கடைசியாக உளியை எடுத்துத் தன் குறியையும் வெட்டினான். ஒரு வட்டம், உள்ளே சாய்வாக மூன்று கோடு. காம்ப்பில் அவன் தட்டு, பக்கெட், உளிப்பிடி எல்லாவற்றிலும் அந்தக் குறிதான். இல்லாவிட்டால் எவனாவது கிளப்பிக்கொண்டு போய்விடுவான். இந்தக் கட்டையை எவன் தூக்கிட்டுப் போகப்போறான் என்று ராக்கப்பன் கேட்டதற்குச் சிரித்தான்.

குறி வெட்டிய பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை, சாப்பிடக் கூப்பிடப் போனபோது கட்டிலில் விறைத்துக் கிடந்தான். நாற்பத்திரண்டு வயது.

உடம்பு ஊருக்குப் போன பிறகு அவன் மனைவி சரசு போனில் கேட்டது ஒன்றுதான். "பதினெட்டு வருசம் மரத்த அறுத்தாகளே. இது அவுக செஞ்சதுன்னு காட்ட அங்க ஒண்ணுகூடவா இல்லண்ணே? பிருந்தா கேக்குறா." மகள் எட்டாவது படிக்கிறாள். இருக்கு தாயி, படம் அனுப்புறேன் என்று ராக்கப்பன் வாக்குக் கொடுத்திருந்தார்.

நாகலிங்கத்தின் கட்டையைத் தடவி முடித்த நிபுணர் இறங்கி வந்து கால் மணி நேரம் பேசினார். விமல் அதைச் சுருக்கினார். சூனியக்காரிகள் அண்டாமலிருக்க அந்தக் காலத்து வெள்ளைக்காரத் தச்சர்கள் இப்படி வட்டம் வெட்டுவார்களாம். 1720 வாக்கில் வெட்டியதாம். இவ்வளவு அழகான குறியை அவர் சர்வீஸில் பார்த்ததே இல்லையாம். நிபுணரின் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

"இதே மாதிரி வேற எங்கயாச்சும் பாத்திருக்கீங்களான்னு கேக்குறாரு," என்றார் விமல். வாய் ஒன்றைக் கேட்டது. கண் வேறொன்றைச் சொன்னது.

ஏணிக்குப் பக்கத்திலேயே, ஏசி தண்ணீர் சொட்டும் குழாய்க்கு அடியில், நாகலிங்கத்தின் நீலப் பக்கெட் இருந்தது. அதே வட்டம், வெள்ளைப் பெயிண்டில். உண்மையைச் சொன்னால் கட்டை நாகலிங்கத்துடையதாகிவிடும். சாயங்காலத்துக்குள் கழற்றிக் குப்பை லாரியில் போட்டுவிடுவார்கள். சொல்லாவிட்டால் கட்டையாவது இருக்கும். ராக்கப்பன் காலாலேயே பக்கெட்டைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினார்.

"இல்ல சார். பாத்ததில்ல."

அடுத்த வாரம் குறிக்குக் கீழே பித்தளைத் தகடு வந்தது, மேலே அதற்கென்று ஒரு விளக்கு. பெயர் தெரியாத ஆங்கிலத் தச்சர், 1720 வாக்கில் என்று அதில் இங்கிலீஷில் இருந்ததை விமல் தமிழில் வாசித்துக் காட்டினார். ராக்கப்பன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏணியேறிப் படம் எடுத்தார். எப்படிப் பிடித்தாலும் தகட்டின் மேல்வரி படத்தின் ஓரத்தில் விழுந்தது. அப்படியே அனுப்பிவிட்டார்.

சரசு உடனே கூப்பிட்டாள்.

"அவுக குறிதாண்ணே. விளக்கெல்லாம் போட்டிருக்காக." பிறகு, "கீழ பித்தளையில என்னமோ எழுதியிருக்கே. அவுக பேரா?"

"பேருதான் தாயி."

"எனக்கு இங்கிலீசு எங்க தெரியுது. நாலரைக்குப் பிருந்தா பள்ளிக்கூடம் விட்டு வந்துருவா. அவள வாசிக்கச் சொல்றேன்."

போனை வைத்த பிறகும் ராக்கப்பன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. குனிந்து, பக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்து, வட்டம் வெளியே தெரியும்படி திருப்பி வைத்தார். அது விளிம்புவரை நிரம்பியிருந்தது. மேலே குழாய் முனையில் அடுத்த சொட்டு பருத்துக்கொண்டிருந்தது.