பீப்பாய்த் தம்பிக்கு வந்த பீர்

கனடாவில் எங்கள் வினிபெக் நகரத்தில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. அது என் சாமர்த்தியம் இல்லை. என் அக்கா லாரிசா பத்தொன்பது வருடங்களாக, வாரம் தவறாமல், செய்தித்தாளில் என்னைப் படக்கதையாக வரைந்து மானத்தை வாங்கிக்கொண்டிருக்கிறாள். 'பீப்பாய்த் தம்பி' என்று பெயர். கோணல் தொப்பி, கையில் பீர் டப்பா, எதிலாவது முட்டிக்கொண்டு விழுவான். ஆறு புத்தகங்கள் வந்துவிட்டன. ஆரம்பத்தில் நானும் சிரித்தேன். அப்போது அது நான்தான்.

நான் குடியை விட்டுப் பதினோரு மாதம் ஆகிறது. படத்தில் இருப்பவன் விடவில்லை.

"அவனையும் நிறுத்த வையேன்க்கா" என்று கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

"அவன் குடிக்கலேன்னா யாருடா படிப்பாங்க, ஓரெஸ்ட்? எனக்கு மட்டும் ஆசையா? இந்தக் கையைப் பாரு" என்று, வரைந்து வரைந்து வீங்கிக் கட்டுப் போட்ட மணிக்கட்டை நீட்டுவாள். அவளும் ஓய்ந்துதான் போயிருந்தாள். அதற்காக என் எரிச்சல் குறைந்துவிடவில்லை.

அந்தச் சனிக்கிழமை படக்கதை விழா. அவளால் புத்தகப் பெட்டி தூக்க முடியாது என்பதால் நான் கூடப் போனேன். மண்டபத்துக்குள்ளேயே பீர் விற்றார்கள். கையெழுத்து வாங்க வந்த ஒருவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"அட, நம்ம பீப்பாய்! இந்தாங்க, ஒரே மடக்குல அடிங்க பாப்போம்!"

சில்லென்று ஒரு டப்பா என் முன்னால். நாக்கு ஊறியது, பொய் சொல்வானேன். நான் வாய் திறப்பதற்குள் லாரிசா அதை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டாள். கிறிஸ்துமஸ் ஒயினைக்கூட உதட்டில் ஒற்றிவிட்டு வைத்துவிடுகிறவள். அடுத்து வந்த பெண்ணும் ஒன்று கொண்டுவந்தாள். அதையும் குடித்தாள். மூன்றாவது ஆளின் டப்பாவுக்குப் பிறகு, கையெழுத்தோடு அவள் வரைந்துகொடுத்த படங்களில் கோடுகள் ஆடின. வரிசையில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டே படம் பிடித்தார்கள்.

நாலாவது ஆள் ஒரு தாடிக்காரன். ஆறு புத்தகங்களையும் அடுக்கிக்கொண்டு வந்திருந்தான், மேலே ஒரு டப்பா. லாரிசா அதைத் தள்ளி வைத்தாள்.

"என்னால முடியலப்பா. அவன் குடிக்கிறதில்ல. விட்டுட்டான்."

அவன் முகம் தொங்கிப்போனது. "அப்ப கதை?"

"தெரியல" என்றபடி அவனுடைய புத்தகத்தின் முதல் பக்கத்தில் வரைய ஆரம்பித்தாள். தொப்பி, தொந்தி, என் மூக்கு எல்லாம் ஒரு நிமிடத்தில் வந்துவிட்டன. கைதான் வரவில்லை. பத்தொன்பது வருடத்தில் அவள் என் வெறும் கையை வரைந்ததே இல்லை. விரல்களை எப்படி வைப்பது என்று என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து வரைந்தாள்.

தாடிக்காரன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இது அவர் மாதிரியே இல்லையே, மேடம்."

"இனிமே இப்படித்தான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

பின்னால் நின்றவர்களில் இரண்டு பேர் வரிசையை விட்டு நழுவினார்கள். அக்கா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அடுத்த புத்தகத்துக்குக் கை நீட்டினாள்.