பல்லிக்கு விழுந்த இதயங்கள்

"அழிச்சிடுறேன்னு சொல்றேன்ல, கையை எடுடி."

"எடுக்க மாட்டேன் அண்ணி. இத்தனை இதயம் விழுந்திருக்கு, அதைப் போய் யாராவது..."

"எதுக்கு விழுந்திருக்கு? அதைச் சொல்லு மொதல்ல. நீ பாத்தியா அதை?"

"பாத்தா என்ன, பாக்காட்டி என்ன. விழுந்துச்சுல்ல."

ஒரு கைப்பேசியின் தலையைப் பெர்லிட்டாவும் வாலை அவள் நாத்தனார் செடெங்கும் பிடித்திருந்தார்கள். பிலிப்பைன்ஸின் எஸ்தான்சியா மீன்சந்தைக்குப் பின்புறம் இருந்த பெர்லிட்டாவின் சாப்பாட்டுக்கடையில் கோழிக்கஞ்சிக்கு உட்கார்ந்திருந்த சுமைகூலிகள் இருவர், எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெர்லிட்டா தன் சமையலைப் படம்பிடித்து ஃபேஸ்புக்கில் போட ஆரம்பித்து இரண்டு மழைக்காலம் ஆகிறது. முதல் வருஷம் அவள் புருஷன் பார்த்தான், பிறகு அவனும் விட்டுவிட்டான். அப்போதுதான் செடெங் வழி சொன்னாள். அந்த ஊரில் ஒரு குழந்தைக்கு ஒரே ஒரு ஞானத்தாய் என்று நிறுத்துகிற வீடு கிடையாது. ஞானஸ்நானத்துக்குப் பத்துப் பேர், உறுதிபூசுதலுக்கு இன்னும் நாலு பேர், கல்யாணத்துக்கு ஒரு படகு நிறைய. இவர்கள் எல்லாரும் பிள்ளையின் தாயை 'மாரே' என்று உறவுமுறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். பெர்லிட்டாவுக்கோ நாலு பிள்ளைகள். அத்தனை ஞானப் பெற்றோரின் பெயரையும் செடெங் ஒவ்வொரு வீடியோவிலும் 'டேக்' போட்டுக் கோத்துவிட்டாள். பெயர் கோக்கப்பட்ட பிறகு இதயம் போடாமல் இருப்பதும், விருந்துக்கு வந்து சாப்பிடாமல் எழுந்து போவதும் ஒன்று. இதயங்கள் கொட்டின. ஆளாளுக்குத் தங்கள் பக்கத்திலும் பகிர்ந்தார்கள். பதிலுக்குப் பெர்லிட்டாவும் அவர்கள் போட்டதற்கெல்லாம் போட வேண்டியிருந்தது: முகம் வெளுக்கும் சோப்பு, பழைய மோட்டார் சைக்கிள், கால் வீக்கத்துக்கு இலைமருந்து. ஒருமுறை வேகத்தில் ஒரு சாவுச்செய்திக்கும் சிரிக்கிற முகத்தைப் போட்டுவிட்டு, அந்த வீட்டுக்குப் பன்றிக்கறி சமைத்துக் கொண்டுபோய்ச் சமாதானம் செய்தாள்.

ஆனாலும் அவளுக்கு உள்ளே ஒரு நமைச்சல் இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம், தன்னை யாரென்றே தெரியாத ஒருத்தி, எந்தக் கடமையும் இல்லாமல், தானாக உட்கார்ந்து தன்னைப் பார்க்க வேண்டும். ஒரே ஒருத்தி போதும்.

நேற்று நடந்தது இதுதான். பத்துவான் என்கிற புளிப்புக் காய் போட்ட புளிக்குழம்பைப் படம்பிடித்து முடித்தவள், ஓடிக்கொண்டிருந்த கைப்பேசியை அணைக்காமல் அலமாரியில் மல்லாக்க வைத்துவிட்டாள். அது தகரக் கூரையை எடுத்தது. கூரையில் ஒரு பல்லி, விளக்கைச் சுற்றி ஒரு பூச்சி. சாயங்காலம், குழம்பு என்று நினைத்து அந்தக் கூரையை ஏற்றிவிட்டாள். காலையில் எழுந்து பார்த்தால் கீழே வரிசையாக: 'வாசனை இங்கே வரை அடிக்குது மாரே.' 'மீன் பஞ்சு மாதிரி வெந்திருக்கு.' 'உப்பு அளவா இருக்கு, கடவுள் ஆசீர்வதிப்பாராக.'

"உப்பு அளவா இருக்காம்," என்றாள் பெர்லிட்டா. "பல்லிக்கு."

அந்த நேரம் பார்த்து தியோபிலோ உள்ளே வந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர், மூத்த மகனுக்கு ஞானத்தகப்பன். வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, "நேத்து வீடியோ பிரமாதம்மா. புளிப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்," என்றார்.

பெர்லிட்டா கைப்பேசியை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "உங்களுக்கு எந்த இடம் பிடிச்சுது?"

"அந்த... கடைசி."

"கடைசில என்ன வந்துச்சு?"

"நீதான் வந்த. வேற யார் வருவா."

"நான் வரலை. பல்லி வந்துச்சு."

தியோபிலோ அசரவில்லை. தபால்காரராக நாய்களைச் சமாளித்த மனுஷர். கஞ்சிக்கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சரி, என் பேத்தி போட்டியில நின்ன படத்துக்கு நீ இதயம் போட்டியா?"

"மொத ஆளாப் போட்டேன். 'தேவதை மாதிரி இருக்கா'ன்னு எழுதவும் செஞ்சேன்."

"என்ன கலர் கவுன் போட்டிருந்தா?"

பெர்லிட்டா செடெங்கைப் பார்த்தாள். செடெங் அடுப்பைப் பார்த்தாள்.

"நீலம்."

"அவ அன்னாசிப்பழ வேஷம் போட்டிருந்தா," என்றார் தியோபிலோ, கஞ்சியை ஊதியபடி. சுமைகூலிகளில் ஒருவனுக்குப் புரையேறியது.

 அழித்துவிடலாம் என்று கைப்பேசியைப் பிடுங்கிய பெர்லிட்டா, எல்லாப் பாராட்டுக்கும் அடியில் புதிதாக ஒன்று வந்திருப்பதைக் கண்டாள். லுவிமின் என்று ஒரு பெயர். அவள் எழுதியிருந்தாள்: 'பூச்சி தப்பிச்சுதா? பல்லி பாயப் போற நல்ல நேரத்துல வீடியோ நின்னுபோச்சு. நடுவுல தும்மினது யாரு?'

பெர்லிட்டா இரண்டு தரம் படித்தாள். தும்மியது அவள்தான். மிளகுத்தூள். அது வீடியோவின் நட்டநடுவில் வரும், அதுவரை உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் காதில் விழும்.

"யாரு இவ? நம்ம ஞானப் பெத்தவங்க யார் வழியாவது வந்தவளா?"

செடெங் வாங்கித் துருவினாள். இந்த வேலையில் அவளுக்கு ஈடு கிடையாது. "இல்லையே. தைவான்ல, தைச்சுங்ல ஒரு கிழவியைப் பாத்துக்கற வேலை. சொந்த ஊரு மின்டோரோ தீவு. நமக்கும் அவளுக்கும் பொதுவா ஒரு ஆள்கூட இல்ல அண்ணி."

"ஒருத்தர்கூட இல்லையா?"

"ஒரு ஈ காக்கா இல்ல."

பெர்லிட்டா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முகம் கழுவிவிட்டது போலானது. தியோபிலோவுக்குக் கேட்காமலே இன்னொரு முட்டை வைத்தாள். சுமைகூலிகளுக்கும் வைத்தாள். "வேலை முடிஞ்சு அசந்து வந்திருப்பா. கையில எடுத்திருப்பா. கூரையைத்தான் பாத்திருக்கா, இருந்தாலும் கடைசி வரைக்கும் பாத்திருக்கா. நாளைக்கு அவளுக்குன்னே குழம்பு வைக்கிறேன். பேர் சொல்லிக் கூப்பிட்டே வைக்கிறேன்."

"நாம பகிர்ந்ததாலதானே அவ கண்ணுல பட்டுச்சு," என்றாள் செடெங்.

"இல்ல. தானா வந்தா."

"தானா யாரு வருவா, மழையா?"

"வந்தா. நீ வாயை மூடு."

செடெங் வாயை மூடினாள். கட்டைவிரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. பெர்லிட்டா வாசலில் நின்று புளிக்குழம்புக்கு எந்த மீன் என்று யோசித்தாள். லுவிமினுக்கு முள் குறைந்த மீனாக இருக்க வேண்டும், கிழவிக்கும் கொடுப்பாளே. இரண்டு வருஷமாக யாருக்கென்று தெரியாமல் சிரித்த சிரிப்புக்கு ஒரு முகவரி கிடைத்திருந்தது.

கைப்பேசி 'டிங்' என்றது.

"ஒத்துக்கிட்டா," என்றாள் செடெங்.

"எதுக்கு?"

"நல்ல மனசுக்காரி அண்ணி. நம்மளை இவ்வளவு அக்கறையா விசாரிச்சவளைச் சும்மா விடலாமா. அடுத்த ஞாயித்துக்கிழமை என் பேரனுக்கு ஞானஸ்நானம்ல, அவளும் ஞானத்தாயா இருக்கட்டும்னு கேட்டேன். சந்தோஷம்னுட்டா. உன் வீடியோல பேரையும் கோத்துவிட்டுட்டேன். இந்தா பாரு, அதுக்குள்ள உன் பழைய வீடியோ எல்லாத்துக்கும் இதயம் போட்டுட்டு வரா."

டிங், டிங், டிங் என்று விழுந்துகொண்டே இருந்தது. பெர்லிட்டா கைப்பேசியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஒரு வீடியோ ஓடி முடிகிற நேரம்கூட இல்லை, அதற்குள் நாலு வீடியோவுக்கு இதயம் விழுந்திருந்தது. அவியல் கத்தரிக்காய்க்குக் கீழே லுவிமின் எழுதியிருந்தாள்: 'வாசனை இங்கே வரை அடிக்குது மாரே.'

தியோபிலோ எட்டிப் பார்த்துவிட்டுக் கஞ்சிக்குத் திரும்பினார்.

"செடெங்," என்றாள் பெர்லிட்டா, "அவளும் சொந்தமாயிட்டா, இனிமே பாக்கறதுக்கு யாருடி இருக்கா?"