இரு, எடு, தா

காலை ஏழு பத்துக்கு விவேக் காரின் பின்கதவைத் திறந்து துப்பாக்கியை எடுத்தான்.

"குண்டு கிடையாது அங்கிள். வெறும் சத்தம்தான்."

"ஓம், தெரியும்," என்றார் இந்திரகுமார். கைகளை ஜாக்கெட் பைகளுக்குள் விட்டுக்கொண்டார்.

புறநகரான கிரெய்கிபர்னின் வீடுகள் முடிந்த பிறகு வருகிற புல்வெளி. எங்கும் ஈரம். கறுவல் அவருடைய இடது காலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. மகள் நிரூபா வாத்து வேட்டைக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய லாப்ரடோர். அவளுக்கு ஆஸ்பத்திரியில் இரவும் பகலுமாக மாறி மாறி வேலை, பழக்கியது அவர்தான். இரு, எடு, தா. அதற்குத் தெரிந்த சொற்கள் அவ்வளவே.

அவளோடு வேலை செய்கிற விவேக் வேட்டை நாய்களைப் பல வருடமாகப் பழக்குகிறவன். கறுவலை மேல்பயிற்சிக்கு எடுக்கலாமா என்று இன்று அவன் சொல்ல வேண்டும்.

விவேக் பயிற்சிக்கான துணி வாத்தை எறிந்தான். கறுவல் அசையவில்லை. "எடு" என்றதும் பாய்ந்தது. திரும்பக் கொண்டுவந்த வாத்தில் ஒரு பல் தடம்கூட இல்லை.

"என் பொண்ணுகூட இப்படிச் சொன்ன பேச்சு கேக்க மாட்டா அங்கிள்." விவேக் சிரித்தான். "இனி வெடிதான். சத்தத்துக்குப் பயந்தா அதோட முடிஞ்சுது, வீட்டு நாயாவே இருக்கட்டும். ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க. சத்தம் கேட்டா அது உங்க முகத்தைத்தான் பாக்கும். நீங்க ஆடக் கூடாது."

"வெடிக்குத்தான் எனக்கு யோசனை," என்றாள் பக்கத்தில் நின்ற நிரூபா. "தீபாவளி, நியூ இயர் எல்லாத்துக்கும் இது பயப்பிடுதெண்டு அப்பா லோன்ட்ரி அறைக்குள்ள கொண்டுபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறவர்."

விவேக்கின் சிரிப்பு போய்விட்டது. "ரொம்பப் பயப்படுமா அங்கிள்?"

"அப்ப குட்டிதானே," என்றார்.

அந்த இரவுகளில் கறுவல் தரையில் அவர் பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு கிடந்தது. அதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

விவேக் தூரத்து வேலி வரை போய்ச் சுட்டான். கறுவலின் காது நிமிர்ந்தது. அவர் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டார். வாயில் உப்புக் கரித்தது.

பாதித் தூரம் நெருங்கி வந்து மறுபடி சுட்டான். கறுவல் அண்ணாந்து அவரைப் பார்த்தது. அவர் முகத்தை அப்படியே வைத்திருந்தார்.

"சூப்பர்!" விவேக் கத்தினான். "நாய் ரெடி. அங்கிள் ரெடியா? இதுதான் கடைசி!"

இப்போது மிகவும் பக்கத்தில் வந்துவிட்டான். போதும் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். அதற்குள் வெடித்தது.

"படு!"

அது தன் குரல் என்று பிறகுதான் தெரிந்தது. உதட்டில் புல் ஒட்டியிருந்தது. கைகள் பிடரியில் கோத்திருந்தன. நெஞ்சில் ஈரம் ஊறியது. பக்கத்தில் கறுவலும் தாடையை மண்ணில் வைத்துத் தரையோடு தரையாகக் கிடந்தது. அது நடுங்கவில்லை. வால் மெதுவாகப் புல்லை அடித்தது.

விவேக் ஓடிவந்து நின்றான். துப்பாக்கியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"நாய் பயப்படல," என்றான் தணிந்த குரலில். "சொன்னதைச் செஞ்சிருக்கு."

நிரூபா குந்தியிருந்து அவருடைய தோளில் கை வைத்தாள். கறுவல் எழும்பவில்லை. அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்பா, 'படு' எண்டு நாங்கள் ஒருநாளும் பழக்கேல்லையே. இதை எப்ப பழக்கினனீங்கள்?"