பாதியில் நின்ற குரல்

அவளுக்குக் கட்டட வரைபடம் போடும் வேலை. பொறியாளர் கிறுக்கித் தருவதை வீட்டிலிருந்தே லேப்டாப்பில் சுத்தமாக வரைந்து கொடுப்பாள். ஒரு நாள் மத்தியானம் மேஜையில் வரைந்துகொண்டிருக்கும்போதே லேப்டாப்பின் அடியிலிருந்து உஸ்ஸென்று சத்தம் வந்தது. கருகல் நெடி மூக்கில் ஏறியது. இரண்டடி தள்ளிக் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் லேப்டாப்பை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள். கதவைத் தாண்டுவதற்குள் பேட்டரி வெடித்துவிட்டது.

குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவளுடைய வலது கையில் மூன்று விரல்கள் மடங்கியபடியே ஒட்டிக்கொண்டன. இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகும் மவுஸைப் பிடிக்க வரவில்லை.

நஷ்டஈடு கேட்டு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனாள். எட்டு மாதம் வாய்தா வாங்கியே ஓட்டிய லேப்டாப் கம்பெனி, ஒன்பதாவது மாதம்தான் வாயைத் திறந்தது. கம்பெனி வக்கீல் அவளைக் கூண்டில் நிறுத்தி, அவள் கையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சூடான மெஷினைத் தொடக் கூடாதுன்னு கையேட்டுலயே போட்டிருக்கு. எதுக்கும்மா தூக்குனீங்க?"

"பக்கத்துல குழந்தை இருந்துச்சு."

"அப்ப குழந்தையைத் தூக்கியிருக்கலாமே?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த நாளெல்லாம் அவள் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி அது.

"உங்களுக்கு வேணா யோசிக்க நேரம் இருந்திருக்கும்" என்றாள்.

வக்கீல் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு ஒலிப்பதிவைப் போடச் சொன்னார். அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த மறுநாள், நலம் விசாரிக்கிறோம் என்று கம்பெனியிலிருந்து அவள் கணவனுக்குப் போன் செய்திருந்தார்கள். அவனுடைய குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அவளா? சொன்னாக் கேக்குற ஜென்மமா சார்! தலையணை மேல வச்சுக்குவா, சார்ஜையும் போட்டுக்குவா. நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்..."

அத்தோடு நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள். பின்வரிசையில் கணவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கட்டுப்போட்டுக் கிடந்தபோது முன்பின் தெரியாத ஒருவனிடம் இப்படிப் புலம்பியிருக்கிறான். வீட்டில் மூச்சுகூட விடவில்லை.

அவளுடைய வக்கீல் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார். "என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதாம்மா? குடுக்குறதை வாங்கிட்டு ராசியாப் போயிடலாம்."

"எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றவள், சட்டென்று நீதிபதியைப் பார்த்தாள். "ஐயா, மிச்சத்தையும் போடச் சொல்லுங்க."

"மிச்சம் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆறு வருஷமா இவரோட குடித்தனம் பண்றேன். போனை எடுத்தா காது சுடுற வரைக்கும் வைக்க மாட்டார். இது அரை நிமிஷம்கூட ஓடலை."

யாரோ சிரித்தார்கள். கம்பெனி வக்கீல் எழுந்து, சம்பந்தப்பட்ட பகுதி அவ்வளவுதான் என்றார்.

"சம்பந்தம் இருக்கா இல்லையான்னு நான் பாத்துக்கறேன். முழுசையும் கொண்டாங்க" என்றார் நீதிபதி.

இன்னும் இரண்டு வாய்தா இழுத்தடித்துவிட்டுத்தான் கொண்டுவந்தார்கள். பத்தொன்பது நிமிடப் பேச்சு. ஆஸ்பத்திரி லிஃப்ட் வேலை செய்யாதது, தன் முதுகுவலி, மாமியார் இன்னும் வந்து சேராதது என்று கணவன் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்திருந்தான். நடுவில் இதுவும் வந்தது.

"ஆனா ஒண்ணு சார். அடிப்பக்கம் வீங்கிப்போய் மெஷின் மேஜையில நிக்காம ஆடுதுன்னு போன மாசமே உங்களுக்குப் போன் பண்ணா. நான் பக்கத்துலதான் நின்னேன். அதெல்லாம் சகஜம், தாராளமா யூஸ் பண்ணுங்கன்னு உங்க ஆள்தான் சொன்னார்."

"சரி சார், அதை விடுங்க" என்றது எதிர்முனை.

அவள் புகாரின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்த விஷயம். அப்படி ஒரு போனே வரவில்லை என்று சத்தியம் செய்திருந்தது கம்பெனி. நீதிபதி அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொல்லிக் குறித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. படிக்கட்டில் கம்பெனி வக்கீல் அவளை உரசாத குறையாகக் கடந்துபோனார். "இதோட முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. அப்பீல் போவோம்."

"தாராளமாப் போங்க. என்னை வேலைவெட்டி இல்லாமப் பண்ணினது நீங்கதானே? எத்தனை வாய்தா வேணும்னாலும் வந்து உக்காருவேன்."

கணவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடிவந்தான். முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு தெளிச்சி. "பாத்தியா, கடைசியில நான் பேசினதுதான் கை குடுத்துச்சு!"

"ஆமா. முன்னாடி கழுத்தறுத்ததும் நீங்க பேசினதுதான்" என்று சொல்லிவிட்டு, அவன் தோளிலிருந்து குழந்தையை இடது கையால் வாங்கிக்கொண்டாள்.

கம்பெனி அப்பீலிலும் தோற்று, ஒரு வருடம் கழித்துப் பணத்தைக் கட்டியது. அவள் இடது கையால் வரையப் பழகிவிட்டாள். முன்பு ஒரு நாளில் முடித்த வேலைக்கு இப்போது மூன்று நாளாகிறது. கணவனோடு பேச்சுவார்த்தை இருக்கிறது, வேண்டிய மட்டும்.