மச்சினன் பிடிக்கும் கயிறு

மெயினருவியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழத் தொடங்கியதும் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். தலை நிறைய எண்ணெயோடு நின்ற யாசர், ஒரு வாளியாவது ஊற்றிக்கொள்கிறேன் என்று போலீஸ்காரரிடம் கெஞ்சிப் பார்த்தான். புவனேஷுக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். அவன் அருவிக்காக வரவில்லை. கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் பழங்குடியினர் கலைவிழா நடந்துகொண்டிருந்தது. அவனுடைய அக்கா உலகம்மையின் கணவர் சுடலைமணி, மலைத்தேன் எடுப்பதை அங்கே செய்துகாட்டப் போகிறார். கயிற்றை நான் பிடிக்கட்டுமா என்று அக்காவிடம் போனில் கேட்டிருந்தான். அதை அவரிடமே கேட்டுக்கொள் என்று அவள் சொல்லிவிட்டாள்.

யாசர், ஞானதுரை, புவனேஷ் மூன்று பேருக்கும் தென்காசியில் ஒரே செல்போன் கடையில் வேலை. புவனேஷ் சிவகிரிக்கு மேற்கே மலையடிவாரத்துப் பளியர் குடியிருப்பிலிருந்து வந்தவன் என்பது மற்ற இருவருக்கும் தெரியும். அதற்கு மேல் கேட்டதில்லை. இன்று மைதானத்தில் நுழைந்ததும் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவனும் ஆசையாகச் சொல்லிக்கொண்டே வந்தான். கூடு செங்குத்துப் பாறையின் நடுவில் இருக்கும். மேலே மரத்தில் சுற்றிவிட்ட கொடிக்கயிற்றில் ஒருவன் இறங்குவான்; அதன் மறுமுனை மேலே நிற்பவன் கையில் இருக்கும். புகையில் அவனுக்குக் கண் தெரியாது. தேனீ இரைச்சலில் அவன் கத்துவது மேலே கேட்காது. கயிற்றின் அசைவை வைத்துத்தான் மேலே நிற்பவன் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் அந்த இடத்தில் யாரையும் நிறுத்திவிட முடியாது. கூடப்பிறந்தவன்கூட ஆகாது. இறங்குகிறவனின் மனைவிக்கு அண்ணனோ தம்பியோதான் நிற்க வேண்டும்.

"யாரு நல்லவன்னு பாக்குறதில்ல," என்றான் புவனேஷ். "கைய விட்டா யாருக்கு நட்டம்னு பாக்குறது. மச்சினன் விட்டான்னா அவன் அக்காதான தாலியறுப்பா? விடமாட்டான்."

யாசர் சிரித்தான். "ஏலே, அப்போ ஒங்க அத்தானுக்கு நீதான புடிக்கணும்?"

புவனேஷ் மேடையைப் பார்த்து நடக்கத் தொடங்கினான். போன வருஷம் சித்திரையில் கூடு முற்றிவிட்டது, வா என்று அக்கா கூப்பிட்டாள். கடையில் விடுப்பு கிடைக்கவில்லை; அடுத்த வாரம் வருகிறேன் என்றான். கோடை மழை இறங்கிவிட்டால் தேனீ வெளியே போகாது, சேர்த்த தேனைத் தானே குடித்துவிடும். அதனால் சுடலைமணி காத்திருக்காமல் பக்கத்து வீட்டுக்காரரை மேலே நிறுத்திவிட்டு இறங்கினார். கயிறு கைநழுவி அவர் விழுந்ததில் இடுப்பு முறிந்தது. பக்கத்து வீட்டுக்காரரை ஊரில் யாரும் ஏசவில்லை. புவனேஷையும் ஏசவில்லை. அதற்குப் பிறகு மலைக்கு வா என்று அவனை யாரும் கூப்பிடவும் இல்லை.

சுடலைமணி மேடைக்கு வந்தபோது வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். பாறைக்குப் பதிலாக, சாயம் பூசிய சாக்கைப் போர்த்தி இரும்புச் சாரம் கட்டியிருந்தார்கள். நடுவில் தெர்மாகோல் கூடு. கைகளின் வலு போகவில்லை. கைகளாலேயே சாரத்தின் உச்சிக்கு ஏறிவிட்டார். பிடிப்பதற்கு ஒரு இளைஞர் வரலாம் என்று மைக்கில் அழைத்தார்கள்.

"போலே, ஒன் வேலதான்," என்று ஞானதுரை முதுகில் தள்ளினான்.

புவனேஷ் ஏறினான். உச்சியில் இரண்டு பேர் நிற்கத்தான் பலகை இருந்தது. கயிற்றைக் கையில் எடுத்தான்.

"வந்துட்டியா மாப்ள," என்றார் சுடலைமணி. "சாப்ட்டியா?"

"நான் புடிக்கேன் அத்தான்."

அவர் கயிற்றை அவன் கையிலிருந்து மெதுவாக உருவினார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கம்பியிலயே கெட்டிருவோம். நீ வெலகி நில்லு. பலகை வழுக்கும்."

மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். மேடையோரத்தில் நின்ற உலகம்மை, முடிச்சு விழுந்த பிறகுதான் இறுக்கிப் பிடித்திருந்த சேலைத் தலைப்பை விட்டாள். தம்பியைப் பார்க்கவில்லை. சுடலைமணி விளிம்பைத் தாண்டி இறங்கினார். கூட்டம் கைதட்டியது. கீழே யாசர் போனை உயர்த்திப் படம் பிடித்தான்.

கொடிக்கயிறு மரப்பட்டையில் பதிந்து நிற்கும். இரும்பின் விளிம்பில் அப்படி நிற்காது. அவர் ஆடும்போதெல்லாம் இப்படியும் அப்படியும் உரசி அறுபட்டுக்கொண்டிருந்தது. நார் ஒன்று பிரிந்து மேலே சுருண்டது. இந்த உயரத்துக்கு அது தாங்கும் என்று புவனேஷுக்குத் தெரியும். ஆனாலும் குத்தவைத்து உட்கார்ந்து, கயிற்றுக்கும் கம்பிக்கும் இடையில் இடது உள்ளங்கையை நுழைத்தான். சுடலைமணியின் எடை முழுவதும் அதன்மேல் ஏறியது. கீழே தெர்மாகோல் கூட்டை அவர் வெட்டத் தொடங்கினார். ஒவ்வொரு வெட்டுக்கும் கயிறு அவன் தோலில் நகர்ந்தது.